நான்கு முறை கடல் கடந்த மானவர்மன்

மாமல்லபுரத்துக் கற்றளிகளைப் பாடாத கவிஞர் தமிழ்நாட்டில் அரியர். கல்லில் நிற்கும் யானையும், கல்லில் சமைந்த தேரும், கல்லில் தவம் இயற்றும் முனிவரும் பாடப்பெற்ற அளவுக்கு, அக்கரையிலிருந்து பாய் விரித்துச் சென்ற மரக்கலங்கள் பாடப்பெறவில்லை. திருமங்கையாழ்வார் ஒருவரே கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடும்பொழுது, பொருட்குவையும் யானைகளும் மணிகளும் சுமந்து இயங்கிய கலங்களைக் கண்முன் நிறுத்துகிறார். அத்துறைமுகத்தோடும், அதன் பின்புலமாய் விளங்கிய செங்கற்பட்டு நிலப்பகுதியோடும் இணைத்து எண்ணத்தக்கது இலங்கை மன்னன் மானவர்மனின் வாழ்க்கை.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944ஆம் ஆண்டில் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதனைப் படித்தோர் மானவன்மன் என்னும் பெயரில் இவ்விளவரசனை அறிவர். அப்புதினத்தில் அவன் மாமல்லனின் தோழன். கதையின் ஓரத்தில் நிற்கும் துணைமாந்தன். வரலாற்றிலோ அவன் ஓர் அரச மரபின் முன்னோன். இளமையில் நாடு இழந்து, கடல் கடந்து, பிற மன்னனின் அவையில் முதுமை எட்டும்வரை காத்திருந்து, மீண்டும் கடல் கடந்து அரசு பெற்றவன். அவன் வரலாற்றை விரிவாகச் சொல்வது இலங்கையின் பாலி மொழி நூலாகிய சூளவம்சம். பல்லவர் பக்கத்தில் காசாக்குடிச் செப்பேடு, முதலாம் நரசிம்மவர்மன் இலங்கையை வென்றதை இராமனின் வெற்றியோடு ஒப்பிட்டுப் போற்றுகிறது. கடலின் இரு கரைகளிலும் எழுதப்பெற்ற இரு வேறு சான்றுகள் ஒரே செய்தியைத் தொட்டு நிற்றல் நம் பழைய வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

கரந்துறைந்த இளவரசன்

மானவர்மன் இரண்டாம் காசியபனின் மகன். காசியபன் அனுராதபுரத்திலிருந்து ஆண்ட காலம் 650 முதல் 659 வரை எனக் கொள்ளப்படுகிறது. நோயுற்று இறுதி நெருங்கிய வேளையில் தன் மக்கள் இளையர் என்பதை எண்ணி வருந்திய அம்மன்னன், உரோகண நாட்டிலிருந்த தன் தங்கை மகன் மானனை வரவழைத்து, ஆட்சியையும் பிள்ளைகளையும் அவன் கையில் ஒப்படைத்தான். மானன் தன் தந்தை தப்புலனை அரியணை ஏற்றினான். அவ்வேற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழகத்திலிருந்து படை திரட்டி வந்த அத்ததாதன் தலைநகரைக் கைப்பற்றி, தாதோபதிசன் என்னும் பெயருடன் முடிசூடினான். வரலாற்றில் அவன் இரண்டாம் தாதோபதிசன். மானன் கொல்லப்பட்டான்; தப்புலன் தென்திசைக்கு ஒதுங்கினான்.

ஏழாம் நூற்றாண்டு இலங்கையில் அரியணைப் போட்டி ஓய்ந்த காலம் குறைவு. தோற்றவர் கடல் கடந்து தமிழகம் வருவதும், இங்குப் படை திரட்டி மீள்வதும் வழக்கமாகிவிட்ட நூற்றாண்டு அது. கொன்றவனின் மகன் கொல்லப்படுவதும், தப்பியவனின் மகன் திரும்பி வருவதும் தொடர்ந்தன. இத்தகைய சூழலில் இறந்த மன்னனின் மகனாக உயிரோடிருப்பதே குற்றமாகும். மானவர்மன் வடநாட்டில் மறைந்து வாழ்ந்தான். மலையநாட்டுத் தலைவனின் மகள் சங்கா அவன் மனைவி. மறைவிடத்தைத் தாதோபதிசன் அறிந்துகொண்டான் என்பது தெரிந்ததும், மானவர்மன் மனைவியை விட்டுவிட்டுத் தான் மட்டும் கடல் கடந்தான். அவன் வாழ்வின் முதற் கடற்பயணம் அது. கரை சேர்ந்தவன் காஞ்சியில் நரசிம்மனின் அவையை அடைந்தான்.

இளநீர் பகிர்ந்த நட்பு

அரசனின் பணியில் அமர்ந்து, அவன் நம்பிக்கையைப் பெற்ற பின்னரே மானவர்மன் தன் மனைவியைக் காஞ்சிக்கு வரவழைத்துக்கொண்டான். அவர்களுக்கு ஆண்மக்கள் நால்வரும் பெண்மக்கள் நால்வரும் பிறந்தனர் எனச் சூளவம்சம் கூறும். பிற்காலத்தில் அனுராதபுரத்தை ஆண்ட மன்னர்களின் குழந்தைப் பருவம் பாலாற்றங்கரை நாட்டில் கழிந்தது என்பதை இங்குக் கருதுதல் வேண்டும்.

இருவர் நட்பும் கனிந்த விதத்தை அந்நூல் ஒரு சிறு நிகழ்ச்சியால் விளக்குகிறது. ஒருநாள் நரசிம்மன் யானைமீது உலாச் சென்றான். மானவர்மன் வேறொரு யானைமீது உடன் சென்றான். நீர்வேட்கை கொண்ட அரசன் இளநீர் பருகி, எஞ்சியதை மானவர்மனிடம் நீட்டினான். பிறர் வாய்ப்பட்டதை உண்ணுதல் அரச குலத்தார்க்கு இழிவு. ஆயினும் கொடுத்தவன் தோழன், தோழனிடம் எச்சில் என்று எண்ண ஒன்றுமில்லை எனத் தெளிந்து மானவர்மன் அதனைப் பருகினான். அதனைக் கண்ட நரசிம்மன் நெகிழ்ந்து, அவன் பருகி எஞ்சியதைத் தான் வாங்கிப் பருகினான். அன்றுமுதல் உணவிலும் அணியிலும் ஊர்தியிலும் தனக்கு நிகராகவே அவனை நடத்தினான்.

நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த அதியமானையும், காணாமலே உயிரோடு உயிர் கலந்த பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் அறிந்த தமிழ் நெஞ்சத்துக்கு இந்நிகழ்ச்சி அயலானதன்று. அடைக்கலம் கொடுத்தவன் மேலோன், பெற்றவன் கீழோன் என்னும் இயல்பான ஏற்றத்தாழ்வை அரசன் தானே முன்வந்து கலைத்ததுதான் இதன் சிறப்பு. கொடுத்தது ஒரு மிடறு இளநீர். கலைந்தது இரு அரச குலங்களின் தருக்கு.

மேற்கு எல்லைப் போர்

பல்லவ நாட்டுக்கு அந்நூற்றாண்டில் அச்சம் மேற்கிலிருந்து வந்தது. வாதாபியை ஆண்ட சாளுக்கியர்க்கும் காஞ்சிப் பல்லவர்க்கும் தலைமுறை தலைமுறையாகப் போர் நிகழ்ந்தது. இரண்டாம் புலிகேசியின் படை மகேந்திரவர்மன் காலத்திலேயே காஞ்சியை நெருங்கியது. புள்ளலூர்ப் போரில் மகேந்திரன் பகைவரை வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அவன் மகன் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புலிகேசியைப் புறங்கண்டதைக் கூரம் செப்பேடு உரைக்கிறது. இவற்றுள் மணிமங்கலம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஊர். எல்லைப் போர் எனப்படினும் எல்லை எங்கோ தொலைவில் இருந்ததில்லை. தலைநகரின் வாயிலில் பகைவன் நின்ற நாள்களும் உண்டு. 642இல் நரசிம்மவர்மன் வாதாபியை வென்று, அங்குள்ள பாறையில் தன் கல்வெட்டைப் பொறித்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் என அவனைக் குறிக்கும் திருக்கழுக்குன்றத்துச் சோழர் கல்வெட்டு, காஞ்சிக்கும் கடல்மல்லைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அவன் புகழ் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மறையாதிருந்ததைக் காட்டும்.

மானவர்மன் காஞ்சியில் இருந்தபொழுது வல்லபன் நரசிம்மன்மீது படையெடுத்து வந்தான் என்கிறது சூளவம்சம். வல்லபன் என்பது சாளுக்கிய மன்னர்க்குப் பொதுவான பட்டம். இவனைப் புலிகேசி எனக் கொள்வாரும், இலங்கை மன்னர்களின் ஆட்சியாண்டுகளை நோக்கி அவன் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் எனக் கொள்வாரும் வரலாற்றறிஞருள் உளர்.

போருக்குப் புறப்பட்ட நரசிம்மன் தோழனை உடன் அழைத்துச் செல்லவில்லை. தந்தை வழி அரசுரிமையை மீட்பதற்காகவே இவன் இங்குத் தங்கியுள்ளான். தன் போரில் இவன் இறந்துபட்டால் இவன் நோக்கமும், இவனுக்கு உதவ நினைத்த தன் நோக்கமும் வீணாகும் என்று எண்ணி, அவனை நகரில் நிறுத்திவிட்டுச் சென்றான். மானவர்மன் வேறுவிதமாக எண்ணினான். அரசன் களத்தில் வீழ்ந்தால் தான் உயிரோடிருந்து பெறுவது யாதுமில்லை. உணவிலும் ஊர்தியிலும் நிகராக வைத்தவன் சாவில் மட்டும் தன்னைத் தனியே நிறுத்துவது தகாது எனத் துணிந்தான். தன் படையைத் திரட்டி, யானை ஏறிக் களத்துக்கு விரைந்தான். இருவர் படையும் ஒன்றாகி வல்லபனின் சேனையை முறியடித்தன. நரசிம்மன் அவனைத் தழுவி, வெற்றி அவனால் விளைந்தது என மகிழ்ந்தான்.

ஒருவன் மற்றவனைக் காக்கப் போரினின்று விலக்கியதும், விலக்கப்பட்டவன் மற்றவனைக் காக்கப் போருக்குள் நுழைந்ததும் ஒரே அன்பின் இரு செயல்களாகும்.

வென்றும் இழந்த நாடு

காஞ்சிக்கு மீண்ட நரசிம்மன், தோழன் செய்யவேண்டியதைச் செய்து முடித்தான், இனிக் கடன் தன்னுடையது என உணர்ந்தான். படை ஒன்றைத் தந்து மானவர்மனை அனுப்பினான். இது அவன் இரண்டாம் கடற்பயணம். படை வருவதைக் கேட்ட தாதோபதிசன் தலைநகரை விட்டு ஓடினான். மானவர்மன் அனுராதபுரத்துள் புகுந்தான். முடிசூடிக்கொள்ளாமல், பகைவனைத் தொடர்ந்து சென்றான்.

அவ்வேளையில் நரசிம்மன் கடும் நோயுற்றான் என்னும் செய்தி பல்லவப் படைக்கு எட்டியது. தம் அரசன் நோயுற்றிருக்க அயல்நாட்டு அரியணைக்காகப் போரிடப் படைஞர்க்கு மனம் இல்லை. அவர்கள் திரும்பினர். செய்தியறிந்த தாதோபதிசன் பெரும்படை திரட்டி எதிர்த்து வந்தான். மானவர்மன் முன் இரு வழிகள் இருந்தன: களத்தில் மாய்ந்து வீரன் எனப் பெயர் பெறுவது, தோற்றவனாகக் கடல் கடப்பது. தன் சாவு பகைவனின் விருப்பத்தை நிறைவேற்றும் என்று எண்ணி அவன் இரண்டாவதைத் தேர்ந்தான். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த வேந்தரைப் போற்றிய தமிழ் மரபுக்கு இது சற்று வேறான வீரமாகத் தோன்றலாம். வெற்றி கையில் இருந்து நழுவிய பின்னும் வாழத் துணிவதற்கு ஓர் உரம் வேண்டும். மூன்றாம் முறையாகக் கடல் கடந்து, நரசிம்மனின் அவையில் பழைய இடத்தில் பழைய பணியில் அமர்ந்தான்.

காத்திருந்த ஆண்டுகள்

இலங்கையில் தாதோபதிசன் இறந்தான். அவன் தம்பி நான்காம் அக்கிரபோதி 667 முதல் 683 வரை ஆண்டான். அவனிடம் பணிபுரிந்த தமிழன் பொத்தகுட்டன், பௌத்தப் பள்ளிக்கு ஊர்களைக் கொடையளித்தவன் எனச் சூளவம்சத்தாலேயே குறிக்கப்பெறுபவன். அக்கிரபோதிக்குப் பின் ஆட்சி உண்மையில் அவன் கைக்கு வந்தது. அரச குலத்துத் தத்தனை அவன் அரியணையில் அமர்த்தினான். தத்தன் ஈராண்டில் மறைய, அத்ததாதன் என்னும் மற்றொருவனை அமர்த்தினான். மன்னர் நால்வர் மாறும்வரை மானவர்மன் காஞ்சியில் காத்திருந்தான்.

காஞ்சியும் அமைதியாக இல்லை. 655இல் அரியணை ஏறிய சாளுக்கிய விக்கிரமாதித்தன் தந்தையின் தோல்விக்குப் பழிவாங்கப் படையெடுத்தான். 674இல் அவன் காவிரிக் கரையில் உறையூரில் பாசறை அமைத்திருந்ததைக் கட்வால் செப்பேடு காட்டுகிறது. பெருவளநல்லூரில் பரமேசுவரவர்மன் அவனை வென்ற பின்னரே பல்லவ நாடு மூச்சுவிட்டது. அடைக்கலம் தந்த வீடே தீப்பற்றிய காலத்தில், வந்தவன் தன் வீட்டைப் பற்றிப் பேசுவதெங்ஙனம்? மானவர்மனின் பொறுமையை இப்பின்னணியில் வைத்தே அளத்தல் வேண்டும்.

சூளவம்சம் தொடக்கம் முதல் இறுதிவரை நரசிம்மன் என்னும் ஒரு பெயரையே வழங்குகிறது. முதலாம் நரசிம்மவர்மனின் ஆட்சி 668இல் முடிந்தது. மானவர்மன் அரசெய்தியதோ 684இல். எனவே இறுதியில் உதவியவன் இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மனாதல் வேண்டும் என அறிஞர் சிலர் கருதுவர். நிகழ்ச்சிகளுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய நூலாசிரியர் இருவரை ஒருவராக்கியிருத்தல் கூடும். அவ்வாறாயின் ஒரு தலைமுறை தந்த சொல்லை மற்றொரு தலைமுறை காத்தது என்றாகும். நட்பின் பெருமை அதனால் குறைவதற்கில்லை.

முரசொலி

தோழன் முதுமையை நெருங்குவதைக் கண்ட பல்லவ மன்னன், அவன் நாட்டை மீட்டுத் தராமல் தான் ஆள்வதில் பொருளில்லை என்று எண்ணினான். படை திரட்டினான், பெருங்கலங்களைச் சமைப்பித்தான், படையுடன் தானே கடற்கரைக்கு வந்தான். அக்கரையின் பெயரைச் சூளவம்சம் சொல்லவில்லை; பல்லவரின் பெருந்துறையாகிய மாமல்லபுரமே அது என்பது அறிஞர் பலரின் முடிபு. காஞ்சியிலிருந்து பாலாற்றுச் சமவெளி வழியே செங்கற்பட்டையும் திருக்கழுக்குன்றத்தையும் கடந்து கடல் சேரும் நிலம், யானைகளும் வண்டிகளும் படைஞரும் நிறைந்த காட்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம். மாமல்லபுரத்துக்கும் இலங்கையின் வடமுனைக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடல் உள்ளது. வாடைக் காற்றும் தென்திசை நீரோட்டமும் துணைசெய்யும் பருவத்தில்தான் இக்கரையிலிருந்து தெற்கே கலம் செலுத்துதல் எளிது.

கலங்கள் ஆயத்தமாயின. மானவர்மனுடன் செல்லுமாறு அரசன் அமைச்சர்க்கும் தலைவர்க்கும் கூறினான். ஒருவரும் இசையவில்லை. முன்சென்ற படை பாதியில் திரும்பிய கதையை நாடு அறியும். பிறன் அரியணைக்காகக் கடலில் உயிர் வைக்க எவர் முன்வருவர்? அப்பொழுது அரசன் ஒரு சூழ்ச்சி செய்தான். தன் அரச அணிகளையும் சின்னங்களையும் மானவர்மனுக்குப் பூட்டி அவனைக் கலத்தில் ஏற்றினான்; கடலில் நின்று தனக்கேயுரிய முரசை முழக்குமாறு பணித்தான்; தான் மறைந்துகொண்டான். கரையில் நின்றோர் முரசொலி கேட்டனர். அரசன் கலம் ஏறிவிட்டான் என்று கருதி, ஒருவர் எஞ்சாமல் அனைவரும் கலங்களில் ஏறினர். நகரமொன்று கடலில் மிதந்து செல்வதுபோல் அப்படை சென்றது என நூலாசிரியர் வியக்கிறார்.

வியப்புக்கு அப்பால் நாம் நின்று எண்ணவேண்டிய இடம் இது. வெறுங்கரையில் தனித்து நின்ற அரசன் தோழனுக்குத் தன் முகத்தையே ஈந்தான். உயர்ந்த கொடை அது. அக்கொடைக்கு விலையாகச் சென்றவர்களோ, தம் மன்னனுக்காகச் செல்வதாக நம்பிய பெயரறியாப் படைஞர். மல்லைக் குப்பத்து மீகாமனும் பாலாற்றங்கரை உழவன் மகனும் அக்கலங்களில் இருந்திருத்தல் கூடும். இருவர் நட்பைப் பாடும் கவிஞன், அந்த முரசொலியைக் கேட்டு ஏறியவர்களையும் மறத்தலாகாது.

நான்காம் பயணம் வென்றது. வடநாட்டைக் கைக்கொண்டு மானவர்மன் தலைநகர் நோக்கிச் சென்றான். பொத்தகுட்டன் எதிர்த்து வந்தான். யானைமீதமர்ந்த மானவர்மன் பகைப்படையைப் பிளந்து, மன்னனையும் தளபதியையும் பிரித்தான். அத்ததாதன் மடிந்தான். பொத்தகுட்டன் மேருகந்தரம் என்னும் இடத்துக்கு ஓடித் தன் நண்பனிடம் புகலடைந்தான். நண்பனைக் காட்டிக்கொடுக்கவும் புதிய அரசனைப் பகைக்கவும் இயலாத அத்தலைவன் நஞ்சு கலந்த உணவை உண்டு இறந்தான். அதனைக் கண்ட பொத்தகுட்டனும் அதையே உண்டு மாய்ந்தான். நட்பால் ஒருவன் அரசு பெற்ற அதே போரில், நட்பால் இருவர் உயிர் நீத்தனர்.

அரசும் மரபும்

மானவர்மன் 684 முதல் 718 வரை அனுராதபுரத்தில் ஆண்டான் எனக் கொள்ளப்படுகிறது. நூற்றாண்டு முழுதும் நீடித்த அரியணைப் போர்கள் அவன் ஆட்சியோடு ஓய்ந்தன. அவனுக்குப்பின் அவன் மக்கள் ஐந்தாம் அக்கிரபோதி, மூன்றாம் காசியபன், முதலாம் மகிந்தன் ஆகிய மூவரும் அடுத்தடுத்து ஆண்டனர். இவர்களுள் மகிந்தன், தன் உயிர்த்தோழன் நீலன் இறந்துவிட்டதால் முடிசூட்டு விழாவையே வேண்டாவென்று ஒதுக்கி, இளவரசர்க்குரிய பட்டத்துடனே நாட்டைக் காத்தான் எனச் சூளவம்சம் கூறும். தோழன் இல்லாத முடி தனக்கு எதற்கு என்று நினைத்த அம்மகன், தந்தையின் செல்வத்துள் மிகச் சிறந்ததைப் பெற்றவன்.

அம்மரபு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் நிலைத்து, 1017இல் ஐந்தாம் மகிந்தன் சோழரால் சிறைப்பட்டதோடு அனுராதபுர அரசாக முடிவுற்றது. சோழரைப் பின்னர் இலங்கையிலிருந்து அகற்றிய முதலாம் விசயபாகுவின் குலவரலாற்றைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் சூளவம்சம் மீண்டும் மானவர்மனை நினைக்கிறது. திருகோணமலையாகிய கோகர்ணத்துக் கடற்கரையில் அவன் மந்திரம் ஓதி நோற்றதாகவும், மயில்மீது குமரன் தோன்றியதாகவும், நீர் தேடிய மயிலுக்குத் தன் கண்ணையே அவன் ஈந்ததாகவும் அங்கு ஒரு தொன்மம் உண்டு. கண்ணப்பரை அறிந்தோர்க்கு அது புதிதாக ஒலிக்காது. அனுராதபுரத்து இசுருமுனியப் பாறையில் நீராடும் யானைகளின் சிற்பத்தில் மாமல்லைச் சிற்பத்தின் சாயலைக் கலை வரலாற்றறிஞர் காண்பர். கடல் கடந்தவை படைக்கலங்கள் மட்டுமல்ல என்பதற்கு அக்கல் சான்று.

மானவர்மன் வரலாற்றை இனப்பகையின் ஏடாகப் படிக்க முயல்வோர்க்கு அது இடம் தருவதில்லை. சிங்கள இளவரசன் ஒருவனுக்காகத் தமிழ்ப்படை போரிட்டது. அவனை எதிர்த்த சிங்கள மன்னனுக்குத் துணைநின்றவன் ஒரு தமிழன். அத்தமிழன் பௌத்தப் பள்ளிக்குக் கொடையளித்தவன். இவ்வளவையும் மறைக்காமல் எழுதிவைத்தது ஒரு பௌத்த நூல். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே கடலைக் கடந்து இக்கரை வந்தோர் பலர். அவர்களுக்கு முன்னே, அதே திசையில் பகைவனின் வாளுக்குத் தப்பி, அதே அலைகளின் மீது வந்தவன் இச்சிங்கள இளவரசன். வந்தவன் எவன் என்று கேளாமல், அவன் பருகி எஞ்சிய இளநீரை வாங்கிப் பருகிய ஒரு மன்னன் இக்கரையில் இருந்தான் என்பது மாமல்லைக் கற்களோடு ஒருங்கு வைத்துக் காக்கத்தக்க செல்வமாகும்.